பத்துப் பாகத்தில் விட்டுவந்த பச்சை

ஆசிரியர் ஐயாவுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் போல இருக்கும் என்பது இதைக் கணினியில் தட்டுகிற பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். இந்தக் கிழமை எழுத்துப் பிழைகளும் சேர்ந்து வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தப் பத்திரிகையில் இதுவரை வந்த என் அத்தியாயங்களில் பிழை இல்லாததற்குக் காரணம் என் மனைவி புவனா. நான் கொப்பியில் எழுதுவேன், அவள் சிவப்புப் பேனையால் திருத்துவாள், பிறகுதான் தபாலில் போடுவேன்.

இந்த அத்தியாயத்தை அவளுக்குக் காட்டவில்லை. முக்குளிப்பவர்களின் சிலிண்டருக்குக் காற்றடிக்கும் கொட்டிலில், இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுதுகிறேன். தலை நரைத்த மனிதன் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போலப் பதுங்கி இருப்பதை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

காரணம் இதுதான். மூன்று கிழமைக்கு முன் வந்த அத்தியாயத்தில், நோய் வந்த பிறகு நான் கடலுக்குள் இறங்கவே இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். ஒரு தரம் இறங்கினேன். புவனாவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி இறங்கினேன்.

அந்த வரியைத் திருத்தும்போது அவளுடைய சிவப்புப் பேனை கொஞ்ச நேரம் அதன் மேல் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். அச்சில் வந்தது அலுமாரிக்குள் மடித்து வைத்தபடி கிடக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவப்புத் துணியின் கீழ்

கண்ணை மூடினால் இப்போதும் அந்த இடம் தெரிகிறது.

மூன்று பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம். நங்கூரக் கயிற்றில் அந்த அளவில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஆழத்திலிருந்து வருகிறவன் அந்தத் துணியைக் கண்டால் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்க வேண்டும். மேலே வள்ளத்தில் இருப்பவன் மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் முடிந்ததும் கயிற்றை மூன்று தரம் இழுப்பான். அதன் பிறகுதான் மேலே போகலாம்.

நான் இடது கையால் கயிற்றைப் பிடித்திருந்தேன். வலது கையால் ஒரு கல்லை, பிறந்த குழந்தையைப் போல, வயிற்றோடு அணைத்திருந்தேன். தேங்காய் அளவுக் கல். மேலே வள்ளத்தின் வயிறு தெரிந்தது. அதைச் சுற்றி வெயில் வெள்ளித் தகடு போல ஆடியது.

நேரே மேலே போய்விட்டால் என்ன என்று யோசித்தேன். ஒரே ஒரு நாள்தானே. கல்லை வெயிலில் பார்க்க வேண்டும். அவ்வளவு அவசரம்.

அந்த அவசரம்தான் முதல் தரம் என் காலை எடுத்தது என்பதை அப்போது மறந்திருந்தேன்.

வந்திருந்தும் வராதவன்

நான் ஏன் முக்குளிக்கப் போனேன் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வீரம் எல்லாம் இல்லை. வெட்கம்.

பள்ளிக்கூடத்தில் காலையில் இடாப்புக் கூப்பிடுவார்கள். "தேவராசா" என்று சொன்னதும் நான் எழும்பி "வந்தேன் சேர்" என்று சொல்ல வேண்டும். எழும்புவேன், சத்தம் வராது. வாத்தியார் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முன்வரிசையில் இருந்துகொண்டே முக்கால்வாசி நாள் நான் வராதவன். வருடக் கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை என்றார்கள். அப்பா அடித்தார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடலுக்குள் அந்தத் தொல்லை இல்லை. வாயில் மூச்சுக்குழாயின் இரப்பரை வைத்த பிறகு யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். மீன்கள் என்னை மரியாதையாகச் சுற்றிப் போயின. இருபது வருடத்துக்கு மேல் சங்கும் கடலட்டையும் பொறுக்கினேன். கரையில் எனக்குக் கிடைக்காத மதிப்பு அங்கே கிடைத்தது. ஒரு பெரிய களவா மீன் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும். என் சொந்த மைத்துனன் விட மாட்டான்.

இரும்பு அறை

பிறகு ஒரு நாள் காற்றுப் பிடித்தது. எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, துணியின் கீழ் நிற்காமல் மேலே வந்தால், இரத்தத்தில் உள்ள காற்று சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிப் பொங்கும். அன்று நான் அவசரப்பட்டது பசிக்காக. வள்ளத்தில் நண்டுக் கறி இருந்தது.

நண்டைச் சாப்பிடவும் இல்லை. வள்ளத்தில் ஏறினேன், இடுப்பின் கீழ் உணர்ச்சி ஒன்றும் இல்லை. தூக்கிக்கொண்டு போய், பொங்கிய காற்றை அழுத்தி அடக்குகிற, தண்ணீர்த் தாங்கி போன்ற ஓர் இரும்பு அறைக்குள் படுக்க வைத்தார்கள். அந்த அறையின் வட்டக் கண்ணாடி வழியாகப் புவனாவின் முகம் தெரிந்தது. அவள் என்னவோ சொன்னாள். கேட்கவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

பல கிழமை படுக்கை. பிறகு நடந்தேன். இடது கால் மட்டும் எனக்குக் கொஞ்சம் பின்னால் வரும். இன்னொரு தரம் பிடித்தால் இரண்டு காலும் போகும் என்று டாக்குத்தர் புவனாவுக்குச் சொன்னார். எனக்குச் சொல்லிப் பயன் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நடக்கத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை அவள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் கற்பூரம் கொளுத்தினாள்.

"கையை மேல பிடியுங்கோ. சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"இனிச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கமாட்டன் எண்டு."

"சுடுது புவனா."

"சுடத்தான் வேணும். கெதியாச் சொல்லுங்கோ."

சொன்னேன். அதோடு கொட்டிலில் காற்றடிக்கும் வேலைக்கு வந்தேன். மற்றவர்கள் கடலுக்குள் கொண்டு போகும் காற்றை நான் கரையில் இருந்து அடைத்துக் கொடுக்கிறேன்.

நான் வாய் திறந்த நாள்

அப்படி இரண்டு சோளகக் காற்றுக் காலம், அதாவது இரண்டு வருடம், போயிற்று. ஒரு நாள் சங்கு வாங்கக் கொழும்பிலிருந்து ஒரு முதலாளி கொட்டிலுக்கு வந்தார். அவர் விரலில் ஒரு மோதிரம். அதில் பச்சைக் கல். கண்ணாடி மாதிரி மின்னவில்லை. பாசி பிடித்த குளத்தின் அடியில் வெயில் விழுந்தால் ஒரு பச்சை தெரியுமே, அந்தப் பச்சை.

"இது மரகதம் இல்லை, ஜேட்" என்றார் முதலாளி. "சீன ஆக்கள் இதைப் பொன்னைவிட மேலா மதிப்பினம். ஏதோ ஒரு நாட்டில பாறைக் கரையோரம் சிலிண்டர் கட்டி இறங்கித்தான் இதை எடுக்கினமாம்."

"இஞ்ச பாறைக்குக் குறைவில்லை, கல்லுத்தான் இல்லை" என்றான் அன்ரன். எங்கள் முக்குளிப்பவர்களில் அதிகம் கதைக்கிறவன் அவன்.

அப்போது கொட்டிலுக்குள் ஒரு குரல் கேட்டது.

"நான் பாத்திருக்கிறன்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். பிறகுதான் தெரிந்தது, அது நான்.

"எங்கயண்ணை?" என்றான் அன்ரன்.

"மாட்டுப்பல்லில. பத்துப் பாகத்தில. ஒரு சுவரே இருக்கு."

மாட்டுப்பல் என்பது துறைமுக வாய்க்கு வெளியே மலை கடலில் இறங்கும் இடத்தில் வரிசையாக நிற்கும் பாறைகளுக்கு நாங்கள் வைத்த பெயர். நோய்க்கு முன் ஒரு தரம் சங்கு தேடிப் போனபோது, பாறை வெடிப்பு ஒன்றுக்குள் பச்சைச் சுவர் ஒன்றைக் கண்டது உண்மை. அன்று எனக்குச் சங்குதான் கண்ணில். அதனால் விட்டுவிட்டேன்.

முதலாளி எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். "இருங்கோ தம்பி. சொல்லுங்கோ." என் வாழ்க்கையில் ஒருவர் எனக்காகக் கதிரை இழுத்துப் போட்டது அதுதான் முதல் தரம். இருந்தேன். சொன்னேன். கால் மணித்தியாலம் விடாமல் சொன்னேன். சுவரின் உயரம், வழவழப்பு, பச்சையின் ஆழம், எல்லாம். அடுத்த மாதம் வரும்போது ஒரு துண்டு காட்டுங்கள் என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

"யார் அண்ணை இறங்குறது?" என்றான் அன்ரன். "இடத்தைச் சொல்லுங்கோ, நான் போறன்."

"இல்லை. நான் போறன்."

பேசிப் பழகாதவனுக்கு இதுதான் ஆபத்து. எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

நிஸ்தார் கட்டிய முடிச்சு

கிண்ணியா நிஸ்தார் என் பழைய வள்ளக்காரன். நான் கீழே இருந்த காலமெல்லாம் மேலே இருந்து கயிறு பிடித்தவன். புவனாவுக்குக் கிண்ணியாவில் ஓர் அலுவல் என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் வெளிக்கிட்டேன்.

"ஒனக்குப் பைத்தியமா மச்சான்?" என்றான் அவன். "ஒம்பட பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா என்னைத்தான் முதல்ல வெட்டும்."

"தெரியாது. கெதியா வா."

"சத்தியம் பண்ணின நீ."

"சிலிண்டர் கட்டமாட்டன் எண்டுதான் பண்ணினனான். நீ கட்டிவிடு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கட்டிவிட்டான். கற்பூரத்தை ஏமாற்ற நான் கண்டுபிடித்த வழி அது. கடவுளும் ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தால் நம்பியிருப்பார்.

சிலிண்டர் கட்டுவதற்கு முன் முக்குளிக்கும் உடுப்பைப் போட்டபோது அது இடுப்போடு நின்றுவிட்டது. கொட்டிலில் தேத்தண்ணீர் குடித்தே வந்த வயிறு. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து ஏற்றினோம். மூச்சு விட இடமில்லை.

"டோர்ச் கொண்டு போறியா?"

"பகலில என்னத்துக்கு டோர்ச்?"

இந்தக் கேள்வியையும் பதிலையும் வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தத்துக்கு ஒரு நியாயம்

இறங்கினேன். சிவப்புத் துணியைத் தாண்டினேன். ஐந்து பாகம், ஏழு பாகம். காலின் இழுப்பு தண்ணீருக்குள் இல்லாமல் போனது. அந்த நேரம் நான் அழுதேன் என்று நினைக்கிறேன். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்திருந்தது. கடல் தண்ணீராகவும் இருக்கலாம்.

சுவர் அங்கேயே இருந்தது. நான் கண்ட அதே பச்சை. முதலாளியின் மோதிரத்தை உருக்கி ஊற்றியது போல.

கொண்டு போன அலவாங்கால், அந்த நீள இரும்பால், நெம்பினேன். தண்ணீருக்குள் அலவாங்கு ஓங்க ஏலாது, ஓங்கினால் நாம்தான் பின்னால் போவோம். வெடிப்பில் செருகித் தொங்கினேன். நேரம் போனது. நிஸ்தார் மேலிருந்து கயிற்றை இழுத்தான், போதும் என்று. இன்னும் கொஞ்சம் என்று நான் திருப்பி இழுத்தேன். கடைசியில் ஒரு துண்டு கழன்றது. கழன்ற வேகத்தில் ஒரு சிப்பியின் விளிம்பு என் பெருவிரலைக் கிழித்தது.

இரத்தம் வந்தது. பச்சை இரத்தம்.

நான் பயப்படவில்லை. அந்த ஆழத்துக்குச் சிவப்பு போகாது, அங்கே இரத்தம் பச்சையாகத்தான் தெரியும். புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான். "பயப்பிடாதையுங்கோ தம்பி, உங்கட ரத்தம் சிவப்புத்தான். கடல்தான் நிறம் மாத்துது" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பச்சை இரத்தத்தை ஒரு கண்ணால் பார்த்தேன். பச்சைக் கல்லை மறு கண்ணால் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே தலையில்தான் இருந்தன. இருந்தும் இரத்தத்துக்கு ஒரு நியாயம், கல்லுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டு, கல்லை அணைத்தபடி மேலே வரத் தொடங்கினேன்.

திரும்பவும் துணியின் கீழ்

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன்.

மூன்று பாகம். துணி. மேலே வெயில். கொட்டிலில் நான் கல்லை மேசையில் வைப்பதும், முதலாளி எழும்பி நிற்பதும், அன்ரனின் வாய் மூடுவதும் எனக்குத் தெரிந்தன. இந்த முறை மட்டும் நிற்காமல் போவோம் என்று முடிவெடுத்தேன். காலை ஒரு தரம் அடித்தும் விட்டேன்.

அதற்கு முன் இன்னொரு தரம் பார்ப்போம் என்று கல்லை முகத்துக்கு நேரே தூக்கினேன்.

பச்சை இல்லை.

திருப்பிப் பார்த்தேன். மற்றப் பக்கமும் இல்லை. யாரோ கழுவிவிட்டது போல வெளிறிப்போன ஒரு வெள்ளைக் கல். மூதூர் போகிற வழியில் வரம்போரம் கிடக்கும் அதே வெள்ளைக் கல். பெருவிரலைப் பார்த்தேன். அதிலிருந்து வந்த இரத்தம் மங்கலாகச் சிவந்திருந்தது.

தண்ணீருக்குள் சிரித்தால் வாயிலிருந்து இரப்பர் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது. பிடித்துத் திரும்ப வைத்தேன்.

பிறகு எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. யாரிடம் காட்ட அவசரப்படுவது? கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். நிஸ்தார் மூன்று தரம் இழுத்தான். போகவில்லை. வெட்கம். திரும்ப மூன்று தரம் இழுத்தான். போகவில்லை. காற்று முடியும் மட்டும் அங்கேயே இருப்போம் என்று இருந்தேன். கடைசியில் வள்ளத்தின் ஓரத்தால் நிஸ்தாரின் தலை, தொப்பியோடு, தண்ணீருக்குள் வந்தது. கண்ணை உருட்டி என்னைத் தேடியது. அதற்குப் பிறகுதான் மேலே போனேன்.

"மௌத்தாப் போயிட்டாய் எண்டு நெனச்சிட்டன்!" செத்தவனைப் பார்ப்பது போல என் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். "கால் இரிக்கா? ஆட்டு பாப்பம்."

ஆட்டினேன். இரண்டும் ஆடின.

"அல்ஹம்துலில்லாஹ். கல்லு எங்க?"

கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது வெள்ளைக் கல்லு மச்சான். எங்கட வளவுக்குள்ள இதாலதான் காகத்துக்கு எறியிற."

"கீழ பச்சையா இருந்தது."

அவன் கல்லைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "டோர்ச் கேட்டனே, ஞாபகம் இரிக்கா?" அதை அடித்திருந்தால் பத்துப் பாகத்திலேயே கல் வெள்ளை என்று தெரிந்திருக்கும்.

இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அது உண்மையான ஜேட்டாக இருந்து, மூன்று பாகத்திலும் பச்சை மாறாமல் இருந்திருந்தால், நான் துணியின் கீழ் நின்றிருக்க மாட்டேன்.

இரண்டாம் தரம் வாய் திறந்தது

அடுத்த மாதம் முதலாளி வந்தார். மறைத்திருக்கலாம். ஆனால் எனக்காகக் கதிரை இழுத்துப் போட்ட மனிதர். கல்லை மேசையில் வைத்தேன்.

"இதில பச்சை எங்க தம்பி?"

"அதைப் பத்துப் பாகத்திலயே விட்டுட்டு வந்திட்டன் ஐயா."

கொட்டில் அதிர்ந்தது. அன்ரன் சிரித்துச் சிரித்துத் தரையில் குந்திவிட்டான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது நடுவில் நிற்பது நான் பயந்த அளவுக்குக் கொடுமை இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பச்சையண்ணை.

"ஏன் உங்களைப் பச்சையண்ணை எண்டு கூப்பிடினம்?" என்று புவனா கேட்டாள்.

"பச்சைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போறதால."

கல்லைக் கொட்டிலிலேயே எறிந்திருக்க வேண்டும். மனம் வரவில்லை. சைக்கிளின் பின்கரியலில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, கிண்ணியாவில் நிஸ்தாரின் வளவில் எடுத்தது என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் காற்றுக்குக் குசினிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்தாள். இத்தனை வருடமும் அது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நேரச் சோற்றுக்கும் நான் அந்தப் பொய்யைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

இனி வருவது வீட்டில் வைத்து எழுதியது

மேலே உள்ளதை முடித்து உறையில் போட்டு, தபால் கந்தோர் வரை போனேன். பெட்டியில் போட ஏலவில்லை. அச்சில் வந்து ஊரோடு சேர்ந்து அவளும் வாசிப்பதா? திரும்பி வந்து, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் கொப்பியை நீட்டினேன்.

கை கழுவி, கதவுப் படியில் குந்தி வாசித்தாள். சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன், இடாப்புக்கு எழும்பி நின்றவன் போல.

வாசித்து முடித்துக் கொப்பியை மூடினாள்.

"அந்தக் கல்லு வந்த அண்டைக்கு ஒரு மூலையில சிப்பி ஒட்டிக் கிடந்தது" என்றாள். "கத்தியால சுரண்டிச் சுரண்டி நான்தான் கழுவினனான். நிஸ்தாரின்ர வளவுக்குள்ள சிப்பி முளைக்குமே?"

நான் கதவடியில் கிடந்த கல்லைப் பார்த்தேன்.

"உங்களிட்டப் பச்சைச் சேட்டு ஒண்டும் இல்லை. நான்தானே துவைக்கிறனான்."

"அப்ப ஏன் புவனா ஒண்டும் கேக்கேல்ல?"

அவள் கல்லைக் காலால் கொஞ்சம் தள்ளி, கதவைச் சரியாக முட்டுக் கொடுத்தாள்.

"கிண்ணியா போன அண்டைக்கு ரெண்டு காலாலயும் நடந்து திரும்பி வந்தனீங்கள். அதைப் பாத்தன். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இவ்வளவு காலம் எடுக்கும் எண்டு நினைக்கேல்ல."

பிழைகளைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். தலையாட்டி மறுத்தாள்.

"கிடக்கட்டும். இது உங்கட கையால போகட்டும். அடியில திகதியை மட்டும் போடுங்கோ. என்ர மனுசன் எண்டைக்கு வாய் திறந்தவர் எண்டு எனக்கும் ஞாபகம் இருக்கவேணும்."

வைகாசி மாதம், கச்சான் தொடங்கிய கிழமை, புதன்கிழமை.